அம்மி இல்லாத குழவி

வீட்டை விற்றாயிற்று. வாங்கியவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். பத்தாயத்து அறையைக் காலி செய்து கொடுக்க வேண்டும். நெல் கொட்டி வைத்த பத்தாயம் பலகை பலகையாகக் கழன்று போய் வெகுகாலம் ஆகிறது. பெயர் மட்டும் அறைக்குத் தங்கிவிட்டது. உள்ளே உரச் சாக்குகள், பம்புசெட்டின் பழைய பெல்ட், சைக்கிள் டயர்கள், கால் ஒடிந்த நாற்காலிகள், ஒவ்வொரு தேர்தலிலும் மிஞ்சிய கொடிகள், என் மனைவியின் ஊறுகாய் ஜாடிகள், எல்லாவற்றின் மேலும் எலிப்புழுக்கை.

சென்னையிலிருந்து மகள் வந்தாள். துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினாள். நான் நிலைப்படிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். முட்டி வலி என்று சொல்லிவைத்திருந்தேன்.

"இந்த டயர் எந்த சைக்கிளுக்குப்பா?"

"இருக்கட்டும்னு போட்டது."

"அம்மா கேட்டப்பவும் இதையேதான் சொல்லுவீங்க. உங்க வாயில வர்ற ஒரே பதில் இதுதான்."

உண்மைதான். போகிக்கு முன்னால் அவள் அம்மா வீடு முழுவதையும் ஒழித்துக் கழுவுவாள். இந்த அறைக்கு வரும்போது மட்டும் நான் 'இருக்கட்டும்' என்பேன். முதல் சில வருடங்கள் ஏன் என்று கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். இந்த அறையில் குப்பை தானாகச் சேரவில்லை. நான்தான் சேர்த்தேன். அடியில் ஒன்று கிடந்தது. அதன்மேல் எதையாவது போட்டுக்கொண்டே இருந்தேன்.

மத்தியானத்துக்குமேல் மகள் அதுவரைக்கும் வந்துவிட்டாள். கொடி மூட்டையை இழுத்தபோது ஒரு சாக்கிலிருந்து கருங்கல் உருண்டு வந்து சுவரில் முட்டி நின்றது.

"அம்மிக் குழவிப்பா. அம்மி எங்க?"

"உடைஞ்சு போச்சு."

"நம்ம அம்மி கொல்லையில குழவியோடதான் இருக்கு. இது யாரோடது?"

இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் அம்மா அப்படி நின்றதில்லை. நின்றிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேனோ என்னவோ. மகளிடம் சொன்னேன்.

அப்போது ஆட்சி மாறியிருந்தது. நானும் கறுப்பு சிவப்புக் கரை வேட்டி கட்டிக்கொண்டு மேடைகளில் சமத்துவம் பேசினேன். கும்பகோணத்தில் பட்டம் படித்தவன் என்பதால் பேச்சு தடையில்லாமல் வரும். அதே காலத்தில்தான் கூலி உயர்வு கேட்டு எங்கள் பண்ணை ஆட்களும் செங்கொடி நட்டார்கள். குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வரப்போவதாகவும் பேச்சு இருந்தது. சட்டம் வருவதற்குள் குடிசைகளைக் காலி செய்துவிட வேண்டும் என்று நிலம் வைத்திருந்தவர்கள் கூடிப் பேசினோம். எங்கள் தோப்பு ஓரத்தில் ஒரே ஒரு குடிசை. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். கைக்குழந்தை ஒன்று.

நான் போனபோது அவர் வயலில் இருந்தார். அந்த அம்மாள் வாசலில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். என்னைவிட வயதில் சிறியவர். நான் ஒருமையில்தான் பேசினேன்.

"எந்திரி. பொங்கலுக்குள்ள இடத்த காலி பண்ணணும். உன் புருசன்கிட்ட சொல்லு."

"அவுரு வரட்டும் சின்னையா. நீங்களே சொல்லுங்க."

அரைப்பதை நிறுத்தவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குனிந்து அவர் கையிலிருந்து குழவியைப் பிடுங்கிக்கொண்டேன். "ஊட்டுக்கு வந்து கேட்டு வாங்கிக்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வந்து கெஞ்சினால் வெளியேறுவதற்கு ஒப்புக்கொள்ள வைக்கலாம் என்பது என் கணக்கு. மிளகாய் ஒட்டியிருந்த கை இரவு வரை எரிந்தது. மோரில் முக்கி வைத்திருந்தேன்.

அந்த அம்மாள் வரவில்லை. அடுத்த வாரம் குடிசை காலியாக இருந்தது. பிறகு சட்டம் வந்தது. ஊரில் மற்றவர்களுக்கு மனை கிடைத்தது. அந்தக் குடிசை இருந்த இடத்தில் நான் தென்னம்பிள்ளை வைத்திருந்தேன்.

மகள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க இப்ப எங்கன்னு தெரியுமா?"

"திருத்துறைப்பூண்டி பக்கம். மகன் வீடு கட்டியிருக்கான்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"எப்பவுமே தெரியும்."

மறுநாள் காலையில் காரில் போனோம். குழவி என் காலடியில் உருண்டுகொண்டே வந்தது. கொடுத்துவிடலாம், கொடுத்துவிட்டால் சாவதற்குள் ஒன்றாவது குறையும் என்று நினைத்தேன். இந்த வயதிலும் எனக்கு வரவில் எழுதிக்கொள்ளத்தான் தோன்றியது.

மாடி வைத்த வீடு. முகப்பில் அந்த அம்மாள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைத் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தெரிந்ததும் மருமகளைக் கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னார்.

"வாங்க. உக்காருங்க."

சின்னையா என்று சொல்லவில்லை. மகள் சாக்கைப் பிரித்துக் குழவியைத் தரையில் வைத்தாள். அந்த அம்மாள் அதைத் தொடவில்லை. காலால்கூடத் தள்ளிப் பார்க்கவில்லை.

"இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"தப்பு பண்ணிட்டேம்மா" என்றேன். அம்மா என்ற சொல் வாயில் புதிதாக இருந்தது.

மருமகள் எட்டிப் பார்த்து, "மிக்ஸி இருக்கறப்ப இத வச்சு என்னத்தை அரைக்கிறது அத்தே?" என்று சிரித்தாள். மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

"அம்மி அங்கயேதாங்க கெடக்கு" என்றார் அந்த அம்மாள். "குழவி இல்லாத அம்மிய யாரு தூக்கிக்கிட்டு அலைவா? புள்ளைய ஒரு கையில, சட்டி பானைய ஒரு கையில எடுத்துக்கிட்டு வாய்க்கா கரைக்குப் போனோம். ஐப்பசி வந்தா அடுப்புல தண்ணி நிக்கும். அவுரு அந்தக் கரையிலயேதான் போய்ச் சேந்தாரு." ஒரு காயின் நாரை உரித்துப் போட்டார். "கல்லு எதுக்கு? அந்த மனை இருக்கா?"

நான் தரையில் இருந்த குழவியைப் பார்த்தேன்.

"வித்துட்டீங்களா?"

"வித்துட்டேன்."

"அப்ப இத எடுத்துட்டுப் போங்க. எம்மவன் வர்ற நேரம். பாத்தா கேப்பான். சொல்ற மாதிரி ஆயிடும்."

மகள் குழவியைத் தூக்கிக்கொண்டாள். தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். குடித்தோம்.

காரில் பாதி வழியில் மகள், "தோப்ப எப்ப வித்தீங்க?" என்று கேட்டாள்.

"நீ காலேஜ் சேர்ந்தப்ப."

அந்தப் பணத்தில்தான் அவள் படித்தாள் என்பதை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் பாரத்தில் பாதியை அவள் தலையில் ஏற்றிவைத்தேன். அதுவும் பழைய பழக்கம்தான்.

திரும்பும் வழியில் தோப்பு இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். மண் அடித்து மேடாக்கி மனை பிரித்து வண்ணக் கற்கள் நட்டிருந்தார்கள். அம்மி எந்தக் கல்லுக்குக் கீழே கிடக்கிறதோ. இறங்காமலேயே கிளம்பச் சொன்னேன்.

அறை சுத்தமாகிவிட்டது. கழுவிவிட்டபோது தரை சிவப்பு சிமெண்ட் என்று தெரிந்தது. எனக்கே மறந்திருந்தது. குழவியை மூலையில் வைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தோம்.

மகளோடு சென்னைக்கு வந்த சில நாட்களில் வீட்டை வாங்கியவர் போன் செய்தார்.

"சார், ஒரு கல்ல விட்டுட்டுப் போயிட்டீங்க. உங்களோடதுதானே?"

"இல்லீங்க."

"யாரோடது?"

பெயர் நாக்கு நுனி வரை வந்தது. "தெரியலீங்க" என்றேன்.

"அப்ப வாசல்ல பள்ளமா இருக்கு சார், அதுல போட்டு மூடிக்கறேன்."

சரி என்றேன்.