தையல்நாயகி நாள் குறித்த மேடு

கோரிமேட்டில் பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டினால் ஒரு செம்மண் மேடு. அங்கே கொழுக்கட்டைப்புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். தையல்நாயகியின் இரண்டு பசுக்களும், சுற்றியிருந்த பத்து வீட்டு மாடுகளும் அந்தப் புல்லை நம்பித்தான் இருந்தன.

மாசிக் கடைசியில் காய்ந்த புல்லைக் கொளுத்திவிடுவார்கள். சித்திரையில் கோடை மழை கொஞ்சம் பெய்தால் போதும், கரிக்குள்ளிருந்து பச்சை எழும்பும். என்றைக்குக் கொளுத்துவது என்று சொல்கிறவள் தையல்நாயகி. அரிவாள் நுனியால் புல்லின் தூரைக் கிளறி விரலை வைத்துப் பார்ப்பாள். ஈரம் ஒட்டினால் சரி, நெருப்பு வேரைத் தொடாது. மில்லில் வேலை பார்த்த அவள் புருஷன் அம்மாவாசை, "இவ இன்னா பெரிய தாசில்தாரா, தேதி குடுக்குறதுக்கு?" என்று கேலி பேசுவான். பேசிவிட்டு, அவள் சொன்ன நாளில் மட்டும்தான் தீப்பெட்டியை எடுப்பான். பன்னிரண்டு வருஷம் அவள் சொல் ஒருமுறைகூடத் தப்பவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, யார் வீட்டுச் சோற்றைத் தின்றாள்?

எண்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. அடுத்த மாசியில் தூரைக் கிளறினால் வெறும் புழுதி. மாடுகளோ சருகை மென்று விலா எலும்பு தெரிய நின்றன. பச்சையைக் கண்ணில் காட்டினால்தான் பிழைக்கும். சித்திரை மழை எங்கே போய்விடப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கெழம கொளுத்துங்க" என்றாள்.

நெருப்பு மேலோடு ஓடி அணையவில்லை. வேருக்குள் இறங்கி மூன்று நாள் புகைந்தது. சித்திரையில் மழை இல்லை, வைகாசியிலும் இல்லை. ஆவணியில் ஒருவழியாகப் பெய்தபோது முளைப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. பிறகு வந்ததெல்லாம் வேலிக்காத்தான் முள். ஒரு பசு செத்தது. மற்றதை ரெட்டியார்பாளையத்து நாத்தனார் வீட்டுக்கு ஓட்டிவிட்டாள். அவளை யாரும் குறை சொல்லவில்லை, மழையைத்தான் திட்டினார்கள். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

எண்பத்தைந்து மாசியில் பக்கத்து வீட்டுத் தனக்கொடி வந்தாள். மேட்டின் வடகோடியில், முள்ளுக்கு நடுவே, ஒரு துண்டு நிலத்தில் மட்டும் பழைய புல் திரும்பியிருந்தது.

"யக்கா, கொளுத்தாம வுட்டா அதையும் முள்ளு மூடிடும். என்னைக்குக் கொளுத்தலாம்?"

"கொளுத்துனா அப்புறம் மழ வரணுமே."

"வருமா, வராதா? நீதான சொல்லணும்."

தையல்நாயகி அரிவாளை எடுத்தாள், திரும்பவும் கீழே வைத்துவிட்டாள்.

"எனக்குத் தெரியலடி" என்றாள்.

தனக்கொடி நம்பவில்லை. தெரிந்துவைத்துக்கொண்டே மறைக்கிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.