சுமதி தூங்கும் இருபது நிமிடம்

நான் வேலை பார்க்கும் ஜெர்மன் அலுவலகத்தில் ஓர் ஓய்வறை இருக்கிறது. கதவில் 'ரூஅரௌம்' என்று எழுதியிருக்கும். உள்ளே ஒரு கட்டில், மடித்து வைத்த போர்வை, ஜன்னலுக்குத் திரை. நான்கு வருடங்களில் அந்தப் போர்வையின் மடிப்பு கலைந்து நான் பார்த்ததில்லை. தூங்குவதற்கென்றே ஓர் அறையைக் கட்டிவிட்டு அதில் ஒருவரும் தூங்காமல் இருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. நம் ஊர் அலுவலகத்தில் அறை கிடையாது, ஆனால் தூக்கம் உண்டு. அதுவும் மேசை மேலேயே.

அந்தத் தூக்கம் சுமதியுடையது. அடையாறில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் கம்பெனியின் சென்னைக் கிளை. ஜெர்மனிக்கு வரும்வரை நானும் அவளும் அங்கே அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து இயந்திரங்களுக்குக் கையேடு எழுதினோம். மெஷினை எப்படி ஓட்டுவது, எப்படித் துடைப்பது, எதைத் தொட்டால் விரல் போகும் என்று வரி வரியாக எழுதும் வேலை. உடம்பு அசையாது, மண்டைதான் காயும். சுமதி பட்டினப்பாக்கத்துக்காரி. அவள் அம்மா மீன் விற்றுத்தான் அவளைப் படிக்க வைத்தார். மதியம் ஒன்றரைக்குச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு மேசையில் கவிழ்ந்துவிடுவாள். இருபது நிமிடம். மேனேஜரே குரலைத் தாழ்த்திக்கொண்டு அப்பால் போவார். எழுந்து முகம் கழுவினாள் என்றால் சாயங்காலம் வரை அவள் கண் திரையை விட்டு நகராது. நான் கௌரவம் பார்த்துக்கொண்டு, காபியாகக் குடித்து விழித்திருப்பேன். அப்போதே எனக்கு அவள்மேல் பொறாமைதான்.

இந்த வசந்தத்தில் ஒரு பெரிய பேக்கிங் மெஷினின் கையேட்டுக்கு இங்கே என்னைத் தலைமையாகப் போட்டார்கள். வந்த நாளிலிருந்து நான் காத்திருந்த வாய்ப்பு. ஒருநாள் சாப்பிட்டு வந்து உட்கார்ந்ததும், என் மேலதிகாரி கார்லாவிடம் "ஒரே அசதி" என்றேன். நம் ஊரில் வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சும்மா சொன்னது. "எனக்கும்தான்" என்று பதில் வரும், அதோடு முடிந்துவிடும். கார்லா பேனாவைக் கீழே வைத்தாள். "எத்தனை நாளாக?" என்றாள். "இங்கே வந்ததிலிருந்தே" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை என்னை அழைத்து, மருத்துவரைப் பார், உடம்புதான் முக்கியம் என்று அன்பாகச் சொல்லி, பாதியில் நின்ற கையேட்டைச் சென்னைக்கு, சுமதிக்கு, மாற்றிவிட்டாள். அவள் செய்தது கருணைதான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்.

வயிறு எரிந்தது. மேசையில் கவிழ்ந்து தூங்குகிறவளுக்குத் தலைமை, அசதி என்று வாயால் மட்டும் சொன்னவளுக்கு மருத்துவர்! சுமதி முடித்து அனுப்பிய வரைவை, எங்காவது ஒரு தப்பு கிடைக்காதா என்று ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். கிடைத்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில், மின்சாரத்தை நிறுத்தச் சொல்லும் வரி, மூடியைத் திறக்கச் சொல்லும் வரிக்குப் பின்னால் இருந்தது. அதைப் பார்த்து வேலை செய்பவரின் கை போய்விடும். நான் பதறியிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ சந்தோஷம். லீவில் சென்னைக்குக் கிளம்பும்போது அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். முதலில் சுமதியின் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டும், பிறகு கார்லாவுக்கு எழுத வேண்டும். அந்த வேலை எனக்குத் திரும்பி வர வேண்டும்.

லஸ்ஸில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அடையாறுக்கு, மெட்ரோவுக்குத் தோண்டிய சாலைகளில் ஆட்டோ ஒரு மணி நேரம் ஊர்ந்தது. மாடியேறும்போது மணி ஒன்றரை. சுமதி துப்பட்டாவுக்குள் இருந்தாள். எழுப்பக் கை நீட்டினேன். பக்கத்து மேசைப் பெண் உதட்டில் விரல் வைத்தாள். காத்திருந்தேன்.

மேசை விளிம்பின் கோடு கன்னத்தில் பதிந்திருக்க எழுந்தாள். "இன்னாடி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற? இன்னா இப்டி இளைச்சுப் பூட்ட?"

நலம்கூட விசாரிக்காமல் காகிதத்தை நீட்டினேன். முகம் கழுவி வந்து படித்தாள்.

"ஆமா, தப்பு கீது. நேத்தே பாத்துட்டேன். திருத்தி அனுப்பியாச்சு."

"இதை எப்படிடி விட்ட?"

அவள் கணினியில் கோப்பைத் திறந்து, எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும் இடத்துக்குப் போனாள். என் பெயர் இருந்தது. கார்லா என்னிடமிருந்து வேலையை வாங்குவதற்கு நான்கு நாள் முன்னால், ஒரு பிற்பகலில் நான் எழுதிய வரி. எழுதிய ஞாபகமே எனக்கு இல்லை.

"தூக்கத்துலயே எழுதிக்கினு இருந்திருக்க," என்றாள் சுமதி. "உன் பேர நான் யார் கிட்டயும் சொல்லல. வுடு."

அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்று இன்னும் கொஞ்சம் எரிந்தது. அவள் துப்பட்டாவை என் மடியில் போட்டாள். "படுடி. இருபது நிமிசம். நான் எழுப்பறேன்." அங்கே வேலை பார்த்த காலத்தில் ஒருநாளும் செய்யாததை அன்று செய்தேன். கண் விழித்தபோது மணி நாலு. "எழுப்ப மனசு வரல" என்றாள்.

திரும்பி வந்து ஒரு மாதமாகிறது. ஓய்வறைப் போர்வை மடித்தபடியே இருக்கிறது. இப்போதெல்லாம் காலை பத்து மணிக்கு, எல்லோரும் காபியும் கையுமாகச் சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்தில், எனக்குக் கண் சொக்குகிறது. சென்னையில் அப்போது ஒன்றரை. என் திரையில் சுமதியின் பெயருக்குப் பக்கத்தில், ஆள் வேலையில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி, அவள் கை ஓய்ந்ததும் மஞ்சளாகிறது. கடந்து போகும் கார்லா, "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்கிறாள். "சூப்பர்" என்கிறேன். என் புள்ளி மஞ்சளாகிவிடாமல் இருக்க மௌஸை அசைத்துக்கொண்டே, சுமதியின் மஞ்சள் புள்ளியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.