தண்ணீர் நிரப்பி வைக்காமல் ஏரிக்குப் போனேன்

ஏரிக்கரையில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரப்போகிறேன் என்று நான் சொன்னபோது என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"காசு குடுத்துத் தரையில படுக்கப் போறியாக்கும்? இங்கயும் தரையிலதானளா படுக்குதோம்" என்றார்.

தாராவியில் எங்களுக்கு ஒரே அறைதான். மேல்தட்டில் மகன்கள் இருவர், கீழே நானும் அவரும் மகளும். அவர் சொன்னதில் பொய் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துவிட்டதால் அந்த ஆசையை விட்டுவிடுவேன் என்று நினைத்ததுதான் அவர் செய்த தப்பு.

மலையேறப் போகிறவர்கள் முதுகில் மாட்டும் பைகளுக்கு ஜிப் தைப்பது என் வேலை. ஒவ்வொரு பையிலும் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிட வேண்டும். அட்டையில் ஓர் ஏரி, பின்னால் காடு, நடுவில் ஆரஞ்சு நிறக் கூடாரம். ஆறு வருஷம் அதைக் கட்டிக் கட்டி எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. நான் தைத்த பை போகும், நான் போகக் கூடாதா?

கூடத் தைக்கிற இரண்டு பேர் வருகிறேன் என்றார்கள். மலைப் பக்கம், லோனாவ்லா தாண்டி ஓர் இடத்தைப் போனில் தேடிப் பிடித்தது மகள். அவள் போன் போட்டதும் அங்கிருந்த ஆள் எந்த ஊர் என்று இந்தியில் கேட்டான். தாராவி என்றதும், தாராவியா என்று இழுத்தான். பெண்கள் மட்டுமா என்றான் அடுத்து. போனைப் பிடுங்கினேன்.

"ஹாம், தாராவி. சிர்ஃப் லேடீஸ். கோயி ப்ராப்ளம்?" ஆமாம், பெண்கள் மட்டும்தான், அதில் உனக்கென்ன என்று கேட்டேன்.

"நஹி நஹி, ஆயியே", இல்லை இல்லை, வாருங்கள் என்றான். குரல் இறங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே பட்டியல் போட்டோம். நான் சொல்லச் சொல்ல மகள் போனில் எழுதினாள். பாய் மூன்று, டார்ச், கொசுவத்தி, மீன் பொரிக்க மசாலா, இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு.

மகள் நிறுத்தினாள். "உம்மா, நாம பிடிச்சிருக்க இடமே ஏரிக்கரை. தண்ணிக்குப் பக்கத்துல போய் இருக்கதுக்குத் தண்ணி சுமந்துட்டுப் போவியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சிரிக்காத. போற எடத்துல தண்ணி கெடக்கும்னு நம்பி நான் ஒரு எடத்துக்கும் போனதில்ல" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே உறைத்தது. இந்த ஒரு தடவை நம்பித்தான் போவோமே என்று பட்டியலிலிருந்து கேனை அடித்துவிடச் சொன்னேன்.

தண்ணீர் என்ற பேச்சு காதில் விழுந்ததும்தான் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "அது சரி, அன்னைக்கித் தண்ணி யாரு பிடிக்கது?"

அவருடைய உண்மையான கவலை அதுதான். எங்கள் சந்தில் விடியுமுன் தண்ணீர் வரும். ஒரு மணி நேரத்துக்குள் குழாயை மாட்டி, டிரம்மை நிரப்பி, குடங்களை நிரப்பி, அடுத்த வீட்டுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். கல்யாண வீடோ மவுத்து வீடோ, எங்கே புறப்பட்டாலும் எங்கள் பெண்கள் வீட்டிலுள்ள சொம்பு வரைக்கும் நிரப்பி வைத்துவிட்டுத்தான் படியிறங்குவார்கள். திரும்பி வரும்வரை ஆண்களுக்குக் குறை இருக்கக் கூடாது. யாரும் போட்ட சட்டமில்லை, ஆனால் மீறியவளையும் நான் பார்த்ததில்லை.

"நீங்கதான் பிடிக்கணும்" என்றேன்.

ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. மழை போகட்டும் என்றார். பிறகு எல்லோருமாகப் போவோம் என்றார். எல்லோருமாகப் போனால் ஏரிக்கரையிலும் நான்தான் சோறு பொங்க வேண்டும், ஆகவே முடியாது என்றேன். "நீ பிடிச்ச மொசலுக்கு மூணே காலு" என்று பனியனை உதறிக்கொண்டு வெளியே போனார். மூன்று கால்தான், போங்கள் என்று இருந்துவிட்டேன்.

புறப்படுகிற நாள் காலையில் அன்றைக்குத் தேவையானதை மட்டும் பிடித்தேன். மற்ற இருவரும் வீடு முழுக்க நிரப்பிவிட்டு வந்திருந்தார்கள். என்னுடைய பெரிய டிரம் காலி என்று தெரிந்ததும் ஒருத்தி கன்னத்தில் கைவைத்தாள். எனக்கும் பயம் இல்லாமலில்லை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கூடாரத்தில் நன்றாகத் தூங்கினேன், ஆனால் பழக்கம் விடுமா? நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஏரியில் இறங்கி முகம் கைகால் கழுவி ஒளுச் செய்து, பஜர் தொழுதுவிட்டு, கரைக் கல்லில் உட்கார்ந்தேன். ஐந்தரைக்குப் போன் அடித்தது. அவர்தான். மூச்சு வாங்கியது.

"டிரம்மு ரொம்பிட்டு. குடமும் ரொம்பிட்டு. இடுப்பு ஒடிஞ்சி போச்சுளா. நெதமும் இவ்வளவு நேரமா ஆவுது?"

"ஆவும்."

"நீ ஒரு நாளும் சொன்னதில்லயே."

"இருவத்திரெண்டு வருசமா அந்தக் குழாய உங்க தலமாட்டு வழியாத்தான் இழுத்துட்டுப் போறேன். உங்களத் தாண்டித் தாண்டித்தான் கொடத்தத் தூக்குதேன். திரும்பிப் படுப்பீங்க. இன்னைக்கித்தான் முழிப்பு வந்துச்சாக்கும்?"

அந்தப் பக்கம் அவர் டிரம்மை மூடுகிற சத்தம் கேட்டது; போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.