என்னை முந்திக்கொண்ட ஞானமுத்து

செய்தி வந்தபோது நான் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், அரைத்துப் பரப்பிய கொழுந்து பதமாகப் புளித்துவிட்டதா என்று கையில் அள்ளி மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே என் மேற்பார்வையில் வேலை செய்கிற முனியாண்டி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தான். "டீமேக்கர் ஐயா, நம்ம ஞானமுத்து அண்ணே தவறிட்டாருங்க. விடியக்காலையில இருமல் வந்துச்சாம், எந்திரிச்சு ஒக்காந்தாராம், அம்புட்டுத்தானாம்" என்றான். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, கோபம். "அதுக்குள்ளயா?" என்று அவன்மேல் பாய்ந்தேன். அவன் என்ன செய்வான், பாவம். கையிலிருந்த கொழுந்தை மறுபடியும் மோந்து பார்த்தேன், ஒரு வாசமும் தெரியவில்லை. அன்றைக்கு அந்தக் கொழுந்து முழுவதும் மிஞ்சிப் புளித்து வீணாகப் போயிற்று.

வட்டகொடைப் பக்கத்து எங்கள் சின்னச் சபையில் அவரை அறியாதவர் யாரும் இல்லை. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற தொழிலாளி. மாரிமுத்தாகப் பிறந்து, முப்பது வயதுக்கு மேல் ஞானஸ்நானம் பெற்று ஞானமுத்து ஆனவர். தலவாக்கலையிலிருந்து மாதம் ஒருமுறை வருகிற நம் போதகர், அடக்கம் முடிந்த இரண்டாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "செயலாளர் ஐயா, சபைத் தாளுக்கு நீங்கதான் எழுதணும். அவரோட தாழ்மையைப் பத்தி நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்றார். நாலு வார்த்தை! நான் நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அவருடைய தாழ்மையைப் பற்றி எழுதப் போனால் என் லட்சணமும் கூடவே வெளியே வந்துவிடுகிறது. வரட்டும், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

போதகர் வராத ஞாயிறுகளில் சபையில் உள்ளவர்களே முறை வைத்து ஜெபம் நடத்துவோம். ஞானமுத்துவின் முறை வந்தால் பிள்ளைகளுக்குச் சிரிப்பாக இருக்கும். தினமும் விடியலில் தொழிலாளர்கள் பெரட்டுக்களத்தில் வரிசை பிடித்து நின்று, இன்றைக்கு யாருக்கு எந்த மலையில் வேலை என்று கேட்டுக்கொண்டு போகிறார்களே, அந்தப் பெரட்டை அப்படியே அவர் ஜெபத்துக்குள் கொண்டுவந்துவிடுவார். "ஆண்டவரே, ஞானமுத்து பெரட்டுக்கு வந்திருக்கேங்க. இன்னைக்கு எந்த மலைங்க?" என்பார். பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்பார். நிஜமாகவே பதிலுக்குக் காத்திருக்கிறவராக, தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு, இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் நிற்பார். கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். அதற்குப் பிறகு, "சரிங்க" என்று ஒரு வார்த்தை. ஜெபம் அவ்வளவுதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தோட்டத் தமிழரான எங்கள் ஆட்களின் ஓட்டுரிமை பறிபோய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த காலம் அது. ஒருநாள் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அவரை நிறுத்திக் கேட்டேன்: "ஏம்ப்பா, நாட்டுலதான் நமக்கு ஒரு மரியாதையும் இல்ல. ஆண்டவர் முன்னாலயும் கூலிக்காரனாத்தான் போய் நிக்கணுமா? அவர் என்ன தொரையா?" அவர் கோபப்படவில்லை, யோசித்தார். "தொரை பெரட்டுக்குப் பிந்திப் போனா வெரட்டிருவாங்க ஐயா. இல்லாட்டி அரைப்பேரு போடுவாங்க, பாதிநாள் வேலைன்னு. இங்க எந்நேரம் போனாலும் முழுப்பேருதாங்க. அதான் இங்க நிக்கிறதுக்கு எனக்கு வெக்கமே இல்ல" என்றார். பதில் கிடைக்காத எரிச்சல் இருக்கிறதே, அது பொல்லாதது.

அவரை வாயில்லாப் பூச்சி என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு விடியலில், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பிந்தி ஓடிவந்த ஒரு பெண்ணைக் கண்டாக்கு ஐயா, அதாவது வெளிவேலையைப் பார்க்கிற மேற்பார்வையாளர், திரும்பிப் போகச் சொல்லிவிட்டார். நான் ஸ்டோர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஞானமுத்து வரிசையை விட்டு விலகி அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "நீ எங்கடா போற?" என்று கண்டாக்கு கத்தினார். "நானும் பிந்திட்டேங்க ஐயா" என்றார் இவர். "நீ வந்து அரை மணி நேரம் ஆச்சேடா!" "வந்தேங்க. இந்தப் புள்ள நிக்கிறதப் பாத்த பொறகு, வந்த மாதிரியே தெரியலீங்க." கூட்டம் சிரித்துவிட்டது, கண்டாக்குக்கும் வாய் கோணிக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. "போய்த் தொலைங்க ரெண்டு பேரும்" என்று மலைக்கு அனுப்பினார். அன்று நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், வேறொன்றும் செய்யவில்லை.

இனி நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். ஒரு அறுப்பின் பண்டிகைக்குக் கொழும்பிலிருந்து பெரிய விருந்தாளிகள் வந்தார்கள். முறைப்படி அன்று ஜெபம் ஞானமுத்துவுடையது. அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, சந்தோஷமாக வந்தார். நான் வாசலிலேயே அவரை மறித்தேன். அத்தனை பேர் முன்னால், அவர் பெண்டாட்டி எஸ்தர் பக்கத்தில் நிற்க, சொன்னேன்: "இன்னைக்கு நீ வாயைத் தொறக்கக் கூடாது. இது தேவாலயம், ஒன் பெரட்டுக்களம் இல்ல." அவர் முகம் ஒருமுறை சுண்டியது. "சரிங்க ஐயா" என்றார். உள்ளே போய், ஆட்கள் கழற்றிப் போட்ட நனைந்த கம்பளிகளுக்குப் பக்கத்தில் கடைசியில் உட்கார்ந்தார். அன்று ஜெபம் செய்தவன் நான். கேட்டவர்கள் மெச்சினார்கள். அவர்களைவிட நான் அதிகம் மெச்சிக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? அடுத்த வருஷ ஜெப முறைப் பட்டியலை எழுதியவனும் நான்தானே. அவர் பெயரை எழுதவில்லை. அதற்கடுத்த வருஷமும் எழுதவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு ஞாயிறும் தவறாமல் வந்தார், கடைசியில் உட்கார்ந்தார், கண்ணை மூடிக் காத்திருந்தார். ஏழு வருஷம் இப்படியே போயிற்று. அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு என் ஜெபம் கெட்டுப்போனது. சொற்களுக்குக் குறைவில்லை, மடைதிறந்த மாதிரி வந்தன. ஆனால் சொல்லி முடித்து உட்கார்ந்தால், யாரோடும் பேசாமல் திரும்பி வந்தவனாக இருந்தேன். என் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "நீங்க ஜெபம் பண்றப்ப பாதிக் கண்ணு கூட்டத்து மேல இருக்கு. எனக்குத் தெரியுது, ஆண்டவருக்குத் தெரியாதா? அந்த மனுசனப் போய்ப் பாத்து மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க." "நானா? லயத்துக்கா?" என்றேன். "ஆமா, நீங்கதான். லயத்துக்குத்தான்."

மூன்று ஞாயிறு தள்ளிப்போட்டு, நாலாம் ஞாயிறு மத்தியானம் போனேன். தோட்டத்து உத்தியோகத்தர் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பக்கம் போனால் வாசலுக்கு வாசல் தலை எட்டிப் பார்க்கும். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஞானமுத்து வாசற்படியில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்தார். "ஞானமுத்து" என்று நான் ஆரம்பித்தேன். அதற்குள் அவர் கைகளைக் கூப்பிவிட்டார். "ஐயா, நானே வரணும்னு இருந்தேங்க. அன்னைக்குக் கோயில் வாசல்ல நீங்க சொன்னதுல எனக்கு ரொம்ப நாளா மனசுக்குள்ள கோவம் இருந்துச்சுங்க. ஒங்களத் திட்டிக்கிட்டே கோயில்ல ஒக்காந்திருந்திருக்கேன். பெரிய பாவம். என்னைய மன்னிச்சிருங்கய்யா" என்றார். கண்ணில் நீர் நின்றது.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். நான் என்ன செய்தேன்? "பரவாயில்ல ஞானமுத்து, அத விடு" என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். நான் கேட்கப் போன மன்னிப்பை அவர் கேட்டார், நானும் பெரிய மனதோடு கொடுத்துவிட்டு, எஸ்தர் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். ஏற்றத்தில் ஒரு கால் மைல் தூரம் எனக்குச் சுகமாகக்கூட இருந்தது. வீட்டில் மனைவி கேட்டாள்: "கேட்டீங்களா?" "எல்லாம் பேசி முடிச்சாச்சு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மறு வருஷப் பட்டியலில் அவர் பெயரை எழுதினேன். "ஐயாவுக்கு என்ன பெருந்தன்மை!" என்று சபையில் நாலு பேர் சொன்னார்கள். நான் இல்லை என்று மறுக்கவில்லை. அவர் முறை வந்தபோது எழுந்து நின்று, "ஆண்டவரே, ஞானமுத்து வந்திருக்கேங்க" என்று மட்டும் சொன்னார். பெரட்டு என்ற சொல் அதற்குப் பிறகு அவர் வாயில் வரவே இல்லை. எனக்குப் பிடிக்காது என்று விட்டுவிட்டார்.

இன்னொரு முறை போக வேண்டும், இந்த முறை உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்று எத்தனை தடவை நினைத்தேன்! மழை, ஸ்டோரில் வேலை, உடம்புக்கு முடியவில்லை, துரை கூப்பிட்டார். காரணத்துக்கா பஞ்சம்? அவர் இருமத் தொடங்கிய பிறகும் வருகிற ஞாயிறு போகலாம் என்றே இருந்தேன். முனியாண்டி வந்து சொன்னது அந்த ஞாயிறுக்கு முந்தைய வியாழக்கிழமை.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு எஸ்தரிடம் போனேன். ஞானமுத்துவின் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். "எஸ்தரு, நான் அன்னைக்கு வந்தது..." என்று தொடங்கினேன். "தெரியுங்க ஐயா" என்றார். "எதுக்கு வந்தீங்கன்னு அவருக்கும் தெரியும்."

"தெரிஞ்சா அவரு ஏன் அப்படி...?"

எஸ்தர் பாயைக் கீழே வைத்தார். "அதுதாங்க அவருக்குக் கடைசி மட்டும் கவலை. 'அவரு கேக்கத்தான் வந்தாரு புள்ள. ஒரு பெரிய மனுசரு எங்கிட்ட வந்து கேக்குறதத் தாங்க முடியாம நான் முந்திக்கிட்டேன். அதுவும் பெருமைதான். அவரு எறக்கி வைக்க வந்த சொமைய அவரு தலையிலயே திருப்பி ஏத்தி அனுப்பிட்டேன்'னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாருங்க. 'மறுபடி வந்தாருன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன், பேசாம ஒக்காந்து கேட்டுக்குவேன்'ன்னு சொன்னாரு. நாயித்துக்கெழமையானா இந்த வாசல்லதான் ஒக்காந்திருப்பாரு. மேல ரோட்டுல காலடிச் சத்தம் கேட்டா எட்டி எட்டிப் பாப்பாரு." அதைச் சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்தார். அதட்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "ஏங்கய்யா வரல?"

அவர் முன்னால் கையைக் கூப்பி, "நீயாவது என்னை மன்னிச்சுரும்மா" என்றேன். எஸ்தர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "எங்கிட்ட கேட்டு என்னங்க ஆவப்போவுது? கோயில்ல வச்சு, எல்லாரும் கேக்கத்தானே அவர வாய மூடச் சொன்னீங்க. அங்க கேளுங்க" என்றார்.

போதகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஆண்டவர் மன்னிச்சிட்டாரு, மனசை ஆத்திக்கங்க" என்றார். நல்ல மனிதர். ஆனால் எனக்கு இப்போது ஆறுதல் வேண்டாம். தாழ்மை என்றால் குனிந்து நிற்பது, கடைசியில் உட்காருவது என்று மேடைபோட்டுப் பேசியவன் நான். இன்னொருவன் தன் முன்னால் வந்து குனிய இடம்கொடுப்பதும் தாழ்மைதான் என்று அந்தத் தொழிலாளி தானாகக் கண்டுபிடித்து, அதைச் செய்வதற்காக ஞாயிறு ஞாயிறாகக் காத்திருந்திருக்கிறார். நான்தான் போகவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் காத்திருப்பும், எஸ்தர் கேட்ட கேள்வியும்தான். இரண்டும் என்னைத் தூங்கவிடுவதில்லை. இரண்டையும் நான் வைத்துக்கொள்கிறேன், யாரும் தயவுசெய்து எடுத்துவிட வேண்டாம்.

இதை வருகிற ஞாயிறு ஆராதனையில் நானே எழுந்து வாசிக்கப்போகிறேன். அதற்குள் தைரியம் போய்விடும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சபைத் தாளில் முன்கூட்டியே அச்சாகட்டும் என்று போதகரிடம் கேட்டுக்கொண்டேன். எஸ்தரும் அங்கே இருப்பார், நீங்கள் எல்லாரும் இருப்பீர்கள். ஞானமுத்து, அன்று கோயில் வாசலில் உங்களை அவமானப்படுத்தினேன். ஏழு வருஷம் உங்கள் வாயை அடைத்தேன். நீங்கள் அழுதுகொண்டு கேட்ட மன்னிப்பைத் திருடி வாங்கிக்கொண்டேன். இந்த முறை நீங்கள் என்னை முந்திக்கொள்ள முடியாது. என்னை மன்னித்துவிடுங்கள்.