ஒரு தோள் அளவு இடம்

காலை ஆறு இருபது. கல்யாண மண்டபத்து வாசலில் நான் முதலில் பார்த்தது பார்வதி மதினியை. கையில் பன்னீர்ச் செம்பு. பக்கத்து மேஜையில் சந்தனமும் கல்கண்டும். வருகிறவர்களை 'வாங்க, வாங்க' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் பார்வை வருகிறவர்கள் மேல் இல்லை... உள்ளே, மேடையில் லைட் ஸ்டாண்டை நகர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் மேல் இருந்தது.

பெண்ணைப் பெற்றவர் கல்யாணத்தன்று சமையல்காரரைத் தேடுவார், ஐயரைத் தேடுவார், சாவிக்கொத்தைத் தேடுவார். போட்டோ எடுக்கிறவரை ஏன் இப்படிப் பார்க்க வேண்டும்?

அன்று எனக்குப் புரியவில்லை. போன வாரம்தான் புரிந்தது.

பெயர், தொழில் எல்லாவற்றையும் மாற்றித்தான் இதை எழுதுகிறேன். ஊரை மட்டும் மாற்றவில்லை. சங்கரன்கோவிலில் இந்த வீடு எது என்று நீங்கள் தேடப் போனால், ஒன்றுக்கு மேல் கிடைக்கும்.

மேடையில் நின்ற பெண் ராமலட்சுமி. என் தெருக்காரர். தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறார். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று வருடக்கணக்காகப் போர்டில் படம் போட்டவருக்கு, அது நிஜமாக எங்கே போய் விழுகிறது என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. கேமரா வாங்கினார்.

முதலில் பிள்ளைகளை எடுத்தார். பிறகு எதிர்வீட்டு ஆடு. பிறகு நான். என்னை எடுத்த படத்தில் என் இடது காது மட்டும் ஃபோகஸில் இருந்தது.

"பேப்பர்ல இருந்தவங்கதான? பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று ஞாயிற்றுக்கிழமைகளில் லேப்டாப்போடு வந்துவிடுவார். நான் போட்டோகிராபர் இல்லை. டெஸ்க்கில் உட்கார்ந்து, மற்றவர்கள் எடுத்த படத்துக்குக் கீழே 'இடமிருந்து வலம்' என்று பெயர் எழுதியவன். ஆனாலும் யார் தலை வெட்டுப்பட்டிருக்கிறது, யார் கண் மூடியிருக்கிறது என்று சொல்லத் தெரியும். சொல்வேன்.

முகூர்த்த நாட்களில் மாரிமுத்து என்கிற ஸ்டூடியோக்காரரோடு இரண்டாவது கேமராவாகப் போக ஆரம்பித்தார். மாரிமுத்து ராமலட்சுமியைவிடச் சின்னவர். வாய் நீளம்.

"டீச்சர், கெட்டிமேளம் கொட்டியாச்சு. லென்ஸ் மூடியக் கழத்திட்டு எடுத்தா இன்னும் நல்லா வரும்."

"கழத்தியாச்சு மாரிமுத்து."

"அப்ப மாப்பிள்ளைதான் கறுப்பு போல."

இப்படித்தான் பாடம் நடந்தது. அதில் ஒரு பாடம், எங்கள் பக்கத்துக்கே உரியது. இடம் விடுவது.

இங்கே வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் வளைகுடா நாட்டில் இருப்பார். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது. கிடைத்தால் டிக்கெட் கிடைக்காது. அதனால் குடும்பப் படம் எடுக்கும்போது அவருக்கு ஒரு தோள் அளவு இடம் விட்டுவிடுவார்கள். அவர் அங்கே வெள்ளைச் சுவரில் சாய்ந்து நின்று ஒரு படம் எடுத்து அனுப்புவார். ஸ்டூடியோவில் வெட்டி இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். ஆல்பம் வரும்போது குடும்பம் முழுதாக இருக்கும்.

பத்திரிகைப் படத்தில் இல்லாத ஆளைச் சேர்த்தால் வேலை போய்விடும். கல்யாண ஆல்பத்தில் சேர்க்காவிட்டால்தான் போகும்.

ராமலட்சுமி இதை நன்றாகவே கற்றுக்கொண்டார். எவ்வளவு இடம், பக்கத்தில் நிற்பவர் கை எப்படித் தொங்க வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கம்... எல்லாம். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் பார்வதி மதினி அவரைத் தேடி வந்தது இதற்காகத்தான்.

"டீச்சர், குரூப் போட்டோ எடுக்கையில எனக்கு எடப்பக்கம் ஒரு ஆளுக்கு எடம் விடணும்."

"ஒங்க தம்பிக்கா, அக்கா? சவுதியில இருக்காருன்னு சொன்னியளே."

"யாராவது கேட்டா அப்படித்தான் சொல்லுவேன்."

ராமலட்சுமிக்கு விளங்கிவிட்டது.

மதினிக்கு இரண்டு பெண்கள். இப்போது கல்யாணம் இளையவள் கவிதாவுக்கு. மூத்தவள் சுதா நர்ஸ். கூட வேலை பார்த்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. அன்றோடு அவள் பெயர் அந்த வீட்டில் நின்றுபோனது. அப்பா சண்முகவேல் விசைத்தறி வைத்திருக்கிறார், என் நெடுநாள் பழக்கம். அவரிடம் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. நானும் எடுத்ததில்லை. கவிதாவின் அழைப்பிதழில் 'இளைய குமாரத்தி' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஏக குமாரத்தி' என்று இருந்தது. அச்சுப்பிழை பார்த்தே பழகிய கண், அங்கே ஒரு நிமிடம் நின்றது. அது பிழை இல்லை.

சுதா இருப்பது தூர தேசத்தில் அல்ல. புளியங்குடியில். பஸ் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டால் வந்துவிடும் ஊர். சவுதியில் இருப்பவருக்கு இடம் விடுவதுபோல அவளுக்கும் விட வேண்டும் என்று கேட்கிறார் அம்மா.

"ஒங்க வீட்டு அண்ணாச்சி ஆல்பத்தப் பாத்தா...?" என்று ராமலட்சுமி கேட்டிருக்கிறார்.

"பாக்கட்டும். அச்சாயி வந்த பொறவுதான பாப்பாரு? மக கல்யாண ஆல்பத்தக் கிழிச்சா போட முடியும்? கொஞ்ச நாள் பேச மாட்டாரு. வீட்டுக்கு வாரவங்க போறவங்க எல்லாம் எடுத்துப் பாப்பாங்க. அவரும் கூட இருந்து பாக்கணும்லா... பாத்துப் பாத்து அவருக்கும் பழகிரும்."

மகளை வாசல் வழியாகக் கூட்டிவர முடியாது என்று ஆன பிறகு, ஆல்பம் வழியாகக் கூட்டிவரப் பார்த்திருக்கிறார். எனக்கு இதைவிட நல்ல யோசனை எதுவும் இதுவரை தோன்றவில்லை.

ஜவுளி எடுக்கப் போனபோது மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுச் சேலை கூடுதலாக எடுத்திருந்தார். அது ராமலட்சுமியின் கேமராப் பையோடு புளியங்குடிக்குப் போனது.

ராமலட்சுமி எடுத்த முதல் சரியான போர்ட்ரெய்ட் அதுதான். வெள்ளையடித்த சுவர் இல்லாததால், சுதாவின் கணவர் நாற்காலி மேல் ஏறி வெள்ளைப் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

"மாமனார் வீட்டுக் கல்யாணத்துல எனக்கும் ஒரு வேல குடுத்துட்டாங்க" என்றாராம்.

"பேசாம பிடிங்க, ஆடுது" என்று சுதா.

மண்டபத்து மேடையில் வலப்பக்கம் இருந்து லைட் வரும். அதனால் ஜன்னல் வலப்பக்கம் வருகிற மாதிரி நிறுத்தியிருக்கிறார். சுதா அவரிடம் படித்தவள். எந்த இடத்தில் நிற்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்று வகுப்பில் கேட்பதுபோலவே கேட்டிருக்கிறாள்.

"மிஸ், அம்மா இப்ப எனக்கு எதுவரைக்கும் வருவாங்க?"

ராமலட்சுமி அவள் காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக் காட்டினார்.

"அவ்வளவுதானா? முன்னால உசரமா இருந்த மாதிரி இருந்துச்சு." பிறகு, "கொஞ்சம் சாஞ்சு நிக்கட்டுமா மிஸ்? அம்மா பக்கத்துல நின்னா நான் சாஞ்சுதான் நிப்பேன்."

போன வாரம் ராமலட்சுமி எல்லாவற்றையும் சொன்னபோதுதான் அந்தப் படத்தை நான் பார்த்தேன். வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்கிறாள். சாய்ந்த பக்கத்தில் ஒன்றும் இல்லை. போர்வையின் மடிப்பு மட்டும். கண் கூர்மையாக ஃபோகஸில் இருக்கிறது. நான் திருத்தம் எதுவும் சொல்லவில்லை.

இனி மேடை.

தாலி கட்டி முடிந்தது. மாரிமுத்து பந்தியைப் படம் பிடிக்கப் போய்விட்டார். குடும்பப் படம் ராமலட்சுமியிடம். நான் மேடைக்குக் கீழே முதல் வரிசையில் இருந்தேன். மாப்பிள்ளை, பெண், அவர்களுக்கு இருபுறமும் வீட்டார். பெண் பக்கத்தில் சண்முகவேல், அடுத்து மதினி, அடுத்து ஓர் ஆள் நிற்கிற இடம், அதற்கு அப்பால் சித்தி, சித்தப்பா. ராமலட்சுமி கண்ணைக் கேமராவில் வைத்தார்.

சண்முகவேல் திரும்பிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், பல்லு விழுந்த மாதிரி இங்கன ஒரு ஓட்ட? யாருக்கு எடம்?"

மதினி முந்திக்கொண்டார். "தம்பிக்கு. கணேசனுக்கு."

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்ளே, எங்கன இருக்க? டியூட்டியா? இரு இரு, வச்சிராத. ஒங்க அக்கா போட்டோவுல ஒனக்கு எடம் போட்டு வச்சிருக்கா. கோட்டுப் போட்டு நின்னு ஒரு படம் எடுத்து இன்னைக்கே அனுப்பு, கேட்டியா?"

"எனக்கா அத்தான்? என்னைய நெனச்சு எடம் விட்டியளா?" கணேசனின் குரல் உடைந்துவிட்டது. "அக்காகிட்ட குடுங்க..."

மேடையில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்தார்கள். மதினி போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு அழுதார். தம்பிக்காக அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான்.

நகையைச் சரிசெய்கிற சாக்கில் ராமலட்சுமி அவர் பக்கம் போய், "இன்னொரு எடம் விடட்டுமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். மதினி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். இன்னொரு இடத்துக்கு இன்னொரு பெயர் சொல்ல வேண்டுமே. அவரிடம் இருந்தது அந்த ஒரு பெயர்தான்.

சண்முகவேல் தெரிந்துதான் செய்தாரா? கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன் – போனில் பேசி முடிக்கும்வரை அவர் அந்தக் காலி இடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே கணேசனின் படம் வந்தது. கோட்டு, டை. மாரிமுத்து சுத்தமாக வேலை செய்திருந்தார். நிழல்கூடச் சரியாக விழுந்திருந்தது. ஆல்பத்தை வாங்க சண்முகவேல் ஸ்டூடியோவுக்கு நேரில் வந்து, அந்தப் பக்கத்தைத் திருப்பி, "நேர்ல நின்னாக்கூட இவ்வளவு பொருத்தமா நிக்க மாட்டான்" என்று சிரித்தாராம். கூட வந்த மதினி, "ஆமா" என்றாராம்.

போன வாரம் ஒரு மத்தியானம் மதினி தனியாக ராமலட்சுமியின் வீட்டுக்குப் போயிருக்கிறார். ராமலட்சுமிக்கு மனசு கேட்கவில்லை. இடம் விட்டு எடுத்த படம் அப்படியே அவரிடம் இருக்கிறது. சுதாவின் படமும் இருக்கிறது.

"அக்கா, ஒங்களுக்குன்னு மட்டும் ஒரு காப்பி போட்டுத் தாரேன். சுதா நிக்கிற மாதிரி. யாருக்கும் தெரியாது. பீரோவுல வச்சுக்கிடுங்க."

மதினி ஒத்துக்கொள்ளவில்லை.

"பீரோவுல வைக்கதுக்கு ஏற்கெனவே அவ போட்டோ நெறைய இருக்கு டீச்சர். ஒளிச்சு வச்சுப் பாக்கதுக்கா நான் எடம் கேட்டேன்?"

நல்ல படம் எது என்று ராமலட்சுமிக்கும் எனக்கும் தெரியும். ஒரு படம் எங்கே இருக்க வேண்டும் என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை.

எழுந்து போகும்போது மதினி ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார். "சுதாகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லிராதிய. நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்."

இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராமலட்சுமி வழக்கம்போல லேப்டாப்போடு வந்தார். திறக்கவில்லை. போனை என்னிடம் நீட்டினார். சுதாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ்.

'மிஸ், ஆல்பம் வந்துட்டாமே. அம்மா பக்கத்துல நான் சரியா நின்னுருக்கேனா?'

மெசேஜுக்கு மேலே அன்றைக்கு இரண்டு நாள் முந்திய தேதி இருந்தது. கீழே பதில் எதுவும் இல்லை.