நிரஞ்சலா மொழிபெயர்க்காத வாக்கியம்

ஜப்பானியருக்கென்று வைத்த சூப் சட்டியின் மூடியைத் தூக்கி, ஒரு மோப்பம் பிடித்து, டங்கென்று மூடிவிடுவாள் நிரஞ்சலா. "இது மிசோ சூப்பு இல்ல. மரக்கறி அவிச்ச தண்ணி. யாரு கேட்டாலும் நா அப்பிடித்தான் சொல்லுவேன்." இலங்கை மலையகத்து அப்புத்தளையில் எந்த ஹோட்டலில் பகல் சாப்பாடு என்றாலும் இந்தச் சோதனை நடக்கும். சமையற்காரர்கள் அவளைக் கண்டால் உப்புப் போடவே பயப்படுவார்கள். பின்னால் நிற்கும் ஜப்பானியப் பயணிகளுக்கு ஒன்றும் விளங்காது. வழிகாட்டி சுத்தம் பார்க்கிறாள் போலும் என்று புன்னகைத்தபடி நிற்பார்கள்.

வயது முப்பத்தாறு. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு லயத்து வீட்டில் பிறந்தவள். குள்ளம், ஆனால் அவள் நடைக்கு யாரும் ஈடுகொடுக்க முடியாது. பயணிகள் வானின் கதவை அவள் சாத்தும் சத்தத்தில் டிரைவருக்கு அன்றைய நிலவரம் தெரிந்துவிடும். கோபம் ஏறினால் குரல் உயராது, தாழும். "வாய்க்குள்ளயே திட்டுறதெல்லாம் ஒரு திட்டா?" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வாள்.

எங்கே எங்கள் மொழியைப் படித்தீர்கள் என்று பயணிகள் கேட்பார்கள். ஜப்பானின் மேற்குக் கரையில் இருக்கும் ஒரு சிறிய மீன்பிடி ஊரின் பெயரைச் சொல்வாள். உடனே அவர்கள் முகம் மலரும். கலங்கரை விளக்கம்! குளிர்கால நண்டு! பாறைமேல் நின்று பார்க்கும் அந்திச் சூரியன்! அவர்கள் அடுக்க அடுக்க இவள் தலையை ஆட்டுவாள். தாடை மட்டும் இறுகிக்கொண்டே போகும்.

அந்த ஊரில் கடலோரமாக ஒரு விடுதி. அதன் அடுப்படியில் மூன்றரை வருடம் நின்றாள். பிளந்து உப்பிட்டுக் கடற்காற்றில் காயவைத்த மீனை அனலில் வாட்டுவது, கடற்பாசி போட்டுச் சூப் வைப்பது, கணவாயைத் துணி காயப்போடுவதுபோலக் கொடியில் தொங்கவிடுவது எல்லாம் அவள் கை. சனிக்கிழமைகளில் நகரத்திலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். மீனில் ஒரு துண்டை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வார்கள். சுவரில் ஒரு விளம்பரத் தாள்: 'இவ்வூர் அம்மாக்களின் கைப்பக்குவம்.' அடுப்படிக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே நீலத் திரை. பஸ் வந்து நின்றதும் முதலாளியம்மா நிரஞ்சலாவைக் குனிந்து வணங்கி, தயவுசெய்து கொஞ்சம் உள்ளேயே இருங்கள் என்பாள்.

"ஏசியிருந்தாக்கூட மறந்திருப்பேன். சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க பாருங்க, அதுதான் இன்னமும் எரியுது. நா சுட்ட மீனு வேணும். எம் மொகம் ஆகாது."

அந்தக் கலங்கரை விளக்கத்தில் அவளும் ஒரு திங்கட்கிழமை ஏறினாள். காது உறையும் காற்று. இறங்கி வந்து, அடிவாரத்தில் ஒருத்தி சுட்டு விற்ற கணவாயை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றாள். அந்த ருசியை மட்டும் மறுக்கமாட்டாள். "ருசி மேல நமக்கு என்னா கோவம்?"

போன ஜூலையில் ஒரு நாள், ஷப்ராஸ் அவளிடம் கேட்காமலே பயணத் திட்டத்தில் ஒன்றைச் சேர்த்துவிட்டார். பண்டாரவளையில் கடையும் இரண்டு வான்களும் வைத்திருப்பவர் ஷப்ராஸ். அவளுக்கு வழிகாட்டி வேலை தருபவர் அவர்தான். துரை பங்களாவாக இருந்து ஹோட்டலான ஓரிடத்தில் 'தோட்டத்துப் பகலுணவு'. அதற்கு முன்னால் கொழுந்து பறிக்கும் பெண்களோடு படம்.

மலையில் கருப்பம்மாவை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஐம்பத்தெட்டு வயது. நிரஞ்சலாவின் அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்தவள். அவள் கொழுந்து போடும் நைலோன் பையை வாங்கி வைத்துவிட்டு, ஹோட்டல்காரர்கள் கொண்டுவந்த பிரம்புக் கூடையை முதுகில் மாட்டி, வேலை உடுப்புக்கு மேலேயே ஒரு சிவப்புச் சேலையைச் சுற்றிவிட்டிருந்தார்கள். பூட்ஸையும் கழற்றச் சொல்லியிருந்தார்கள். காலைத் தூறலில் நனைந்த புல். கணுக்காலில் அட்டை கடித்து இரத்தம் கோடாக இறங்கியது. கொழுந்து நிறுவை முடிந்து சாப்பிடும் நேரம். அவளுடைய ரொட்டிப் பொட்டலம் வடிகானோரத்தில் கிடந்தது. பயணிகள் எட்டுப் பேர் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். சிரி என்றால் சிரித்தாள். கூடையைச் சாய் என்றால் சாய்த்தாள்.

ஹோட்டல் மனேஜர் நிரஞ்சலாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "படம் எடுத்தால் இவர்களுக்குச் சந்தோஷம். எவ்வளவு நேரமும் நிற்பார்கள். அப்படியே சொல்லுங்கள்."

நிரஞ்சலா அதைச் சொல்லவில்லை. அங்க ஒளிச்சு வச்சாங்க, இங்க நிறுத்தி வச்சுக் காட்டுறாங்க என்று பிற்பாடு பேசினாள். அந்த நேரம் அவ்வளவெல்லாம் யோசிக்கவில்லை. காது சுட்டது, அவ்வளவுதான். குரலைத் தாழ்த்தி ஜப்பானிய மொழியில் சொன்னாள்: "இந்த அம்மாவுக்கு இது சாப்பாட்டு நேரம். பசியோடு நிற்கிறார். காலில் அட்டை கடிக்கிறது. கேமராவை இறக்குங்கள்."

எட்டுப் பேரும் இறக்கினார்கள். ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிலத்தைப் பார்த்தார். மொழி தெரியாவிட்டாலும் மனேஜருக்கு விஷயம் புரிந்துவிட்டது. போனைக் காதில் வைத்தபடி பங்களாவுக்கு நடந்தார். ஐந்து நிமிடத்தில் நிரஞ்சலாவின் போன் அடித்தது. ஷப்ராஸ்.

"என்ன செஞ்சிட்டீங்க தங்கச்சி! பாதி வேலை நமக்கு அந்த ஹோட்டலாலதான் வருது. கொஞ்சம் அனுசரிச்சு, போய் ஒரு சொரி சொல்லிடுங்களே."

"யாருக்கு? அட்டைக்கா?"

"அப்ப நாளையிலருந்து நீங்க வரத் தேவல்ல."

"சரி, வரல்ல."

போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பினாள். கருப்பம்மா நல்லதாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தாளோ என்னவோ. கருப்பம்மா சேலையை உரித்துக் கூடையோடு சேர்த்துத் தேயிலைச் செடிமேல் எறிந்துவிட்டு, அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்னய யாருடி கேட்டா? நீ வேன்ல ஏறிப் போயிருவ. நாளைக்குப் பெரட்டுல வேலைக்குப் பேரு கூப்புடுறப்ப நாந்தானே நிக்கணும்? கங்காணி கேட்டா நீ வந்து பதில் சொல்லுவியா? எனக்கு எப்பக் கோவப்படணும்னு எனக்குத் தெரியாதா?"

நிரஞ்சலாவுக்கு முகம் எரிந்தது. கருப்பம்மா கானோரத்தில் குந்தி ரொட்டியைப் பிய்த்தாள்.

பயணிகளில் ஓர் அம்மாள் தயங்கித் தயங்கிக் கிட்ட வந்து, அவர் என்ன சொல்கிறார் என்று நிரஞ்சலாவிடம் கேட்டார். கருப்பம்மாவுக்காகத் தானே சொல்லிவிடும் ஒரு பதில் நுனிநாக்கில் இருந்தது. நிரஞ்சலா அதை விழுங்கிவிட்டுக் குனிந்தாள்.

"நீங்க என்னா சொல்றீங்கன்னு கேக்குறாங்க. என்னா சொல்லட்டும் பெரியம்மா?"

கருப்பம்மா ரொட்டியைச் சம்பலில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"திங்கிறேன்னு சொல்லு."

ஒரு மரியாதைச் சொல்லும் சேர்க்காமல் நிரஞ்சலா அதை அப்படியே சொன்னாள். பிறகு ஈர மண் என்றும் பார்க்காமல் கருப்பம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தின்று முடித்துக் கை கழுவும்வரை எழுந்திருக்கவில்லை.