ஒரு மூச்சில் முப்பது

காலை ஆறரைக்குக் கைப்பேசியில் ரஹீமா ராத்தாவின் பெயர் விழுந்தது. எங்களுக்குள் வணக்கம், சுகம் ஒன்றும் கிடையாது. மூச்சை இழுத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி முப்பதில் நின்றேன். மறுமுனையில் பேசியது அவருடைய மகள் நஸ்ரின்.

"நீங்க எண்ணி முடியட்டும் எண்டுதான் பேசாம இருந்தன் டீச்சர். உம்மா சுபஹோட மௌத்தாகிட்டாங்க."

விடியற்காலைத் தொழுகை நேரத்தோடு ராத்தா இறந்துபோயிருந்தார். கிளினிக் வாங்குப் பலகையில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் அவருக்கும் ஒரே வருத்தம், மயஸ்தீனியா என்ற நோய். உடலின் காப்புச் சக்தியே நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்கும். கண்ணிமை விழும், கை சோரும், சிலருக்கு மூச்சும் தளரும். "வீட்டுக் காவல்காரனே வீட்டுக்காரனுக்கு அடிக்கிறான்," என்பார் ராத்தா. கிண்ணியாவில் இடியாப்பம் அவித்து, இறங்குதுறைக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் இடியாப்ப உரலை அழுத்தக் கை ஏலாமல் போனபோதுதான் அவருக்கு வருத்தம் தெரியவந்தது. எனக்கு மத்தியானப் பாடங்களில் குரல் மூக்கால் போகத் தொடங்கியிருந்தது. இமை விழுந்த இரண்டு பேரும் வாங்கில் இருந்ததைப் பார்த்து, "இஞ்ச என்ன நித்திரையா?" என்று தாதி அதட்டினார். ராத்தா சிரித்த சிரிப்பில் முழுக் கிளினிக்கும் திரும்பிப் பார்த்தது.

ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்க்கும்படியும், எண்ணிக்கை குறைந்தால் உடனே வரும்படியும் டொக்டர் சொல்லியிருந்தார். அதை ஒப்பந்தமாக்கியவர் ராத்தா. "தனிய எண்ணினா ஆள் தனக்கே பொய் சொல்லும். கேக்க ஒராள் வேணும்." அன்றிலிருந்து தினமும் காலை ஆறரைக்கு நான் எண்ண அவர் கேட்பார், அவர் எண்ண நான் கேட்பேன்.

போன மாரி முடிந்த கையோடு அவருடைய முப்பத்தைந்து இருபத்தாறாக இறங்கியது. இருமலும் வந்தது. அடுப்புப் புகை என்றோம். ஒருநாள் பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் இடையில் அவர் சின்னதாக ஒரு மூச்சு எடுத்தது எனக்குக் கேட்டது. அப்படியே முப்பது வரை எண்ணி, "பாத்தீங்களா!" என்றார். நான் வாயே திறக்கவில்லை. நஸ்ரினின் கலியாணத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். வார்டில் மறித்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். பழைய வருத்தம்தானே, மருந்துக் குளிசையைக் கூட்டினால் சரிவரும் என்று நானும் நினைத்தேன். கடைசியில் அவருடைய நெஞ்சைப் படம் எடுத்தபோது நுரையீரலில் புற்றுநோய், முதுகெலும்பு வரை போயிருந்தது. புதிய மருந்துகளில் சில பழைய வருத்தத்தைக் கிளப்பிவிடும் என்பதால் டொக்டர்மார் ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துத்தான் கொடுத்தார்கள்.

கிண்ணியாவுக்குப் போய் அவர் முன்னால் அழுதேன். "அண்டைக்கு நீங்கள் மூச்சு எடுத்தது எனக்குக் கேட்டது ராத்தா."

"தெரியும் டீச்சர். நீங்க பேசாம இருந்ததும் எனக்குக் கேட்டதுதானே. ரெண்டு பேரும் சேந்து செய்த களவு," என்று சொல்லித் தேத்தண்ணீரை என் பக்கம் தள்ளினார்.

இரண்டு கிழமை கழித்து நான் எண்ணும்போது, இருமல் தொண்டையில் நிற்க, இருபதில் ஒரு மூச்சைக் களவாக எடுத்தேன். இருந்த குரல் முழுவதையும் திரட்டி ராத்தா கத்தினார். "நடுவில மூச்சு எடுத்தீங்க! பழைய வருத்தத்தில பழியப் போடாதீங்க. நெஞ்சைப் படம் எடுக்கச் சொல்லுங்க."

"எனக்கு ஒண்டுமில்லை, உங்கட அலுவலைப் பாருங்கோ," என்று நானும் கத்தினேன். எனக்குக் கோபம் முந்திக்கொண்டு வரும்.

"அப்ப படத்தோட கோல் எடுங்க," என்று வைத்துவிட்டார். மூன்று நாள் என் அழைப்புக்குப் பதில் இல்லை. நாலாம் நாள் படம் எடுக்கப் போனேன். வலது நுரையீரலில் சின்னதாக ஒரு புள்ளி. அதுவும் புற்றுநோய்தான். ஆனால் வெட்டி எடுக்கக்கூடிய நேரத்தில் அகப்பட்டுவிட்டது. பழைய வருத்தம் இருப்பதால் மயக்க மருந்து கொடுப்பவர்கள் நாட்கணக்காக ஆயத்தம் செய்தார்கள். சத்திரசிகிச்சை முடிந்து, வார்டிலிருந்து முதல் தடவை எண்ணினேன். ஒன்பது.

"களவு இல்லாத ஒன்பது," என்றார் ராத்தா. "இப்போதைக்கு இது காணும்."

ஒன்பது முப்பதாக வளர்ந்ததை ஒவ்வொரு காலையும் கேட்டிருந்தார். நஸ்ரினின் கலியாணத்தில் கதிரையில் நிமிர்ந்திருந்து, வந்தவர்களை எல்லாம் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பிறகுதான் போனார்.

துக்கம் கேட்கப் போனபோது நஸ்ரின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கும் கோல் எடுங்க டீச்சர். உம்மா சொல்லிட்டுத்தான் போனாங்க." அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் காலை ஆறரை. இனி எவர் முகத்துக்காகவும், கேட்டதைக் கேட்காததுபோல் இருக்கமாட்டேன்.

மறுநாள் எடுத்தேன். இருபத்தொன்றில் அழுகை வந்தது. சத்தமில்லாமல் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு இருபத்திரண்டு என்றேன்.

"மூச்சு எடுத்தீங்க டீச்சர்," என்றாள் நஸ்ரின். "முதல்ல இருந்து எண்ணுங்க."

ஒன்று என்றேன்.